இரு சிறைகள்: 'ஆர்க்கம்' வீடியோ விளையாட்டுக்களும் தொடர்ச்சியின் பிரச்சினையும்

வெற்றி பெற்ற ஒரு படைப்பின் தொடர்ச்சியாக இன்னொன்று வெளிவரும்போது, முன்னையதிலும் அது சிறந்ததா என்ற வினாவே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றது. வீடியோ விளையாட்டுக்களைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கான விடை அளவு சார்ந்ததாகவே அமைந்துவிடுகின்றது. களம் எவ்வளவு பெரிது, கருவிகள் எத்தனை, விளையாடி முடிப்பதற்கு எத்தனை மணித்தியாலங்கள் வேண்டும் என்பனவே அளவுகோல்களாகின்றன. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகப் பரிணமிக்கும் என்பது இயக்கவியலின் விதிகளுள் ஒன்று. ஆயினும் ஒவ்வோர் அளவுப் பெருக்கமும் தன்னளவிலேயே வளர்ச்சியாகும் என்று அவ்விதி கூறுவதில்லை. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே ஒரு மூலப் படைப்பையும் அதன் தொடர்ச்சியையும் இங்கு ஒப்புநோக்க முனைகின்றோம்.

எமது ஆய்வுக்குரிய இரு படைப்புக்களும் இலண்டனிலுள்ள றொக்ஸ்ரெடி நிறுவனத்தால் ஆக்கப்பட்டவை. 'பற்மன்: ஆர்க்கம் அசைலம்' 2009 இலும், அதன் தொடர்ச்சியான 'பற்மன்: ஆர்க்கம் சிற்றி' 2011 இலும் வெளிவந்தன. இரண்டின் கதையாக்கத்திலும் போல் டினி பங்கு கொண்டார். நாயகனான பற்மனோ, 1930களின் பொருளாதார மந்தத்தின் நிழல் நீங்காத அமெரிக்காவிலே, 1939 இல் பொப் கேன், பில் ஃபிங்கர் ஆகியோரால் சித்திரக் கதைக்கெனப் படைக்கப்பட்டவன். கோடீசுவரனான புரூஸ் வெய்னே இரவில் முகமூடியணிந்து கோதம் நகரின் குற்றவாளிகளை அடக்குகின்றான். நகரின் செல்வமும் நீதியும் ஒரே மனிதனிடத்திற் குவிந்திருத்தல் இப்பாத்திரத்தின் அடிப்படையாகும். இத்தகைய ஆக்கங்களை வெறும் போதையென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், பெருந்தொகையான இளைஞரின் ஓய்வு நேரத்தையும் கற்பனையையும் ஆட்கொண்டுள்ள ஒரு வடிவத்தை ஆராயாது விடுவது முற்போக்கு விமர்சனத்துக்கு ஏற்புடையதன்று.

முதற் படைப்பின் சிறப்பு அதன் ஒருமைப்பாடாகும். ஓர் இரவு, ஒரு தீவு, அத்தீவிலே மனநோயுற்ற குற்றவாளிகளுக்கான ஒரு காப்பகம் என்ற எல்லைக்குள்ளேயே கதை நிகழ்கின்றது. கைதியாகக் கொண்டுவரப்படும் ஜோக்கர் காப்பகத்தைக் கைப்பற்ற, பற்மன் அதனுள்ளே அடைபடுகின்றான். பூட்டிய கதவுகள், புதிய கருவி கிடைத்ததும் திறக்கும் பழைய வழிகள், ஒலிபெருக்கியில் ஓயாது கேட்கும் ஜோக்கரின் குரல் ஆகிய யாவும் அடைபட்டிருத்தல் என்ற ஒரே அனுபவத்துக்குத் துணைசெய்கின்றன. இடையிலே ஸ்கெயர்குரோவின் நச்சுவாயுவால் நாயகன் மதிமயங்கும் பகுதி குறிப்பிடத்தக்கது. விளையாட்டுப் பழுதடைந்தது போலத் தோன்றி, தொடக்கக் காட்சி மீண்டும் வருகின்றது. இம்முறை வாகனத்தை ஓட்டுபவன் ஜோக்கர். கைதியாகக் கொண்டுசெல்லப்படுபவன் பற்மன். காவலனுக்கும் கைதிக்குமிடையிலான எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை உரையாடலாற் கூறாது உருவத்தினாலேயே உணர்த்தும் இவ்விடம், இவ்வடிவம் எய்தக்கூடிய கலைத்தரத்துக்குச் சான்றாகும்.

எனினும் இவ்வொருமைப்பாடு எதனை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். பிளாக்கேற் சிறையில் ஏற்பட்ட தீயின் காரணமாகச் சாதாரணக் கைதிகள் இக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டனர் என்ற செய்தி கதையின் தொடக்கத்திலே வருகின்றது. நாயகன் இரவு முழுவதும் அடித்து வீழ்த்துவது பெரும்பாலும் இவர்களையே. இவர்கள் யார், எவ்வாறு குற்றவாளிகளாயினர் என்ற வினா எழுவதேயில்லை. சுவர்களை ஊடுருவிக் காணும் நாயகனின் கண்ணுக்கு அவர்கள் எலும்புருவங்களாகவும், இதயத் துடிப்பு எண்களாகவும், அச்சத்தின் படிநிலைகளாகவுமே தெரிகின்றனர். வறுமை, குற்றம், நோய் ஆகிய மூன்றும் ஒன்றாகக் குழம்பி, சமூகப் பிரச்சினை மருத்துவப் பிரச்சினையாக உருமாற்றப்படுகின்றது.

தொடர்ச்சி இவ்வெல்லையை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றது. காப்பகத்தின் பொறுப்பாளராயிருந்த குவின்சி ஷார்ப் இப்பொழுது நகர முதல்வர். கோதமின் நலிந்த பகுதியொன்று மதிலால் அடைக்கப்பட்டுச் சிறையாக்கப்பட்டுள்ளது. ரைகர் என்னும் தனியார் ஆயுதப்படை அதனைக் காவல்புரிகின்றது. குற்றவாளிகளோடு அரசியற் கைதிகளும் உள்ளே தள்ளப்பட்டுள்ளனர். பிரித்தானியாவின் முதலாவது தனியார் நிர்வாகச் சிறை 1992 இல் வோல்ட்ஸ் என்னுமிடத்திலே திறக்கப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், இக்கற்பனை முற்றிலும் ஆகாயத்திலிருந்து பிறந்ததன்று என்பது தெளிவாகும். இத்தொடர்ச்சி வெளிவந்த 2011 ஒக்டோபரில் நியூயோர்க்கிலே வோல்ஸ்ரீற் ஆக்கிரமிப்புப் போராட்டம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதன்று எமது வாதம். நகரம் யாருக்குரியது, அதிலிருந்து யார் வெளியே தள்ளப்படுகின்றனர் என்ற வினா அக்காலத்திலே எங்கும் நிலவிற்று என்பதே நாம் சுட்ட விரும்புவது.

மூலத்துக்கும் தொடர்ச்சிக்குமுள்ள உறவு இவ்விடத்திலே சுவையானது. முதற் படைப்பில், பொறுப்பாளரின் அறைச் சுவருக்குப் பின்னே, வருங்காலச் சிறைநகரின் வரைபடங்களைக் கொண்ட இரகசிய அறையொன்று உண்டு. விளையாடியோர் பல மாதங்களாக அதனைக் கண்டிலர். ஆக்கியோரே பின்னர் அதனை வெளிப்படுத்தினர். ஆகவே தொடர்ச்சியின் பொருள் மூலத்திலேயே மறைந்து கிடந்தது எனலாம். தனிமனித நோயின் கதைக்குப் பின்னால் அரசின் திட்டம் இருந்துள்ளது.

அத்திட்டத்தை வெளிக்கொணர்ந்த தொடர்ச்சி, அதனை எவ்வாறு விளக்குகின்றது? இங்குதான் அதன் வர்க்கப் பார்வை தன் எல்லையைக் காட்டுகின்றது. சிறைநகரை எதிர்த்துப் பேசிய புரூஸ் வெய்ன் கைதுசெய்யப்பட்டு, விலங்கிட்ட கைகளோடு கைதிகளின் நடுவே தள்ளப்படுகின்றான். நகரின் பெருஞ்செல்வன் ஒடுக்கப்பட்டோருள் ஒருவனாகும் அரிய சந்தர்ப்பம் இது. அது சில நிமிடங்களே நீடிக்கின்றது. அவன் கூரையொன்றின் மீதேறி அழைத்ததும், அவனது கவசம் வானத்திலிருந்து இறங்குகின்றது. பின்னர் சிறைநகரின் சூத்திரதாரி ஹியூகோ ஸ்ட்ரேஞ் என்பதும், அவனை இயக்கியவன் நூற்றாண்டுகளாக வாழும் ராஸ் அல் கூல் என்பதும் வெளியாகின்றன. நிலவுடைமையும் தனியார் படையும் நகராட்சியும் கூடி உருவாக்கிய ஓர் ஒடுக்குமுறை, இறுதியில் மரணத்தை வென்ற ஒருவனின் சதியாகச் சுருங்கிவிடுகின்றது. அமைப்புப் பற்றிய வினாவுக்குத் தனிமனிதனே விடையாக அளிக்கப்படுகின்றான்.

கைதிகள் மீது வானிலிருந்து குண்டுவீசும் திட்டம் தொடங்கியபோது, பற்மன் தன் அன்புக்குரிய தாலியாவைக் காக்கவே விரைய முற்படுகின்றான். பெருந்தொகையான உயிர்களை முதலிற் காக்கும்படி அவனை வற்புறுத்துபவர், அவன் வீட்டுப் பணியாளரான அல்பிரட். உழைத்து வாழும் ஒருவரே இங்கு மக்களின் சார்பிற் பேசுகின்றார் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அம்மக்களுக்கு நாயகனோடு பேசும் வாய்ப்பு அருமையாகவே கிட்டுகின்றது. குளிரைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் கைதிகள் தமக்குள் பேசுவதைக் கூரையிலிருந்து நாம் கேட்கலாம். கீழே இறங்கினாலோ அவர்களிற் பெரும்பாலாரை அடிப்பதன்றி வேறு உறவு கொள்ள விளையாட்டு இடமளிப்பதில்லை.

உருவத்தை நோக்குமிடத்தும் முரண்பாடு புலப்படுகின்றது. மூலத்திலே 240 ஆக இருந்த ரிட்லரின் புதிர்கள் தொடர்ச்சியிலே 440 ஆகப் பெருகின. கதைப்படி நாயகன் நஞ்சேறிச் சில மணித்தியாலங்களில் இறக்கவிருப்பவன். அவனைக் கொண்டே நாம் ஆறுதலாகக் கூரைதோறும் பரிசுப் பொருள் தேடுகின்றோம். கதை அவசரத்தைக் கூற, களம் சேகரிப்பை வேண்டுகின்றது. ஓய்வு நேரமும் எண்ணிக் கணக்கிடப்படும் உழைப்பாக மாறுவதை இதனிலும் தெளிவாகக் காணுதல் அரிது. இங்கே அளவு பெருகியது, பண்பு சிதைந்தது.

இது ஆக்கியோரின் தனிப்பட்ட குறைபாடன்று. 2010 இல் வோர்ணர் பிறதர்ஸ் றொக்ஸ்ரெடியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. தொடர்ச்சியிலே கற்வுமனாக விளையாடும் பகுதியைத் திறப்பதற்கான குறியீடு புதிய பிரதிகளோடு மட்டுமே வழங்கப்பட்டது. கைமாறிய பிரதியை வாங்கியவர் அதற்குத் தனியே பணம் செலுத்த நேர்ந்தது. பிறர் பெட்டகத்தைத் திறப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கள்வி, தனியுடைமையின் பூட்டுக்குள்ளே வைக்கப்பட்டமை முரண்நகையே. சரக்கின் தேவை படைப்பின் கட்டமைப்புக்குள்ளேயே புகுந்துவிட்டமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கலை ஒருமையிலே மூலம் மேம்பட்டது. சமூகப் பொருளிலே தொடர்ச்சி மேம்பட்டது எனலாம். எனினும் இவ்வாறு பாராட்டைப் பங்கிட்டு அமைதல் போதாது. மூலம் தான் காணாத ஒன்றைப் பற்றி மௌனமாயிருந்தது; அதனாலேயே முழுமையாகத் தோன்றியது. தொடர்ச்சியோ கண்டுவிட்டது, கண்டதைத் தன் நாயகனைக் கொண்டு தீர்க்க முடியாமற் சிதறியது. இச்சிதறல் வெறும் தோல்வியன்று. தனியொரு செல்வந்தனின் நற்குணத்தால் ஒடுக்குமுறையை நீக்கலாம் என்ற கதைமரபு, உண்மையான நகரமொன்றை எதிர்கொண்டபோது அடைந்த நெருக்கடியின் வெளிப்பாடு அது. இறுதியிலே ஜோக்கர் இறக்கின்றான். பற்மன் அவனது உடலைச் சுமந்து வெளியேறுகின்றான். கதை முடிந்த பின்னரும் எஞ்சிய புதிர்களுக்காக நாம் அதே சிறைநகருக்குத் திரும்பலாம். மதில்கள் அப்படியே நிற்கின்றன. கைதிகளும் உள்ளேயே இருக்கின்றனர். விளையாட்டுத் தொடர்வதற்குச் சிறை நிலைத்திருத்தல் அவசியமாகின்றது. இவ்வவசியம் எங்கிருந்து பிறக்கின்றது என்று விளையாடுவோரை வினவச் செய்வதே இத்துறையில் விமர்சனம் ஆற்றவேண்டிய பணி என்பது எமது கருத்து.