கடலுக்கு ஒரு வழி, வீட்டுக்கு ஒரு வழி

பெங்களூரிலிருந்து கடற்கரைக்குக் காரோட்டிப் போவதில் பாதி ருசி, கிளம்புமுன் வரைபடத்தை விரித்து வழி பார்ப்பதில்தான். மங்களூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விடியுமுன் நெலமங்கலாவைத் தாண்டிவிட்டால் ஹாசன்வரை கவலையில்லை; சொல்லவும் அதிகமில்லை.

சக்லேஷ்பூரில்தான் சாலைக்கு உயிர் வருகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச் செடிகள். அடுத்து சிராடி மலைப்பாதை. கண்ணாடியை இறக்கிவிடுங்கள், இறங்க இறங்க குளிர்காற்று புழுக்கமாக மாறுவதைக் கழுத்து முதலில் உணரும். லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபடி போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் உதவாது.

உடுப்பி, குந்தாபுரா தாண்டினால் 66ஆம் எண் நெடுஞ்சாலையில் மரவந்தே. இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவே நம் கார். இங்கே நிறுத்தாத திட்டம் திட்டமே இல்லை.

திரும்பவும் அதே வழியில் வருவது சோம்பேறித்தனம். உடுப்பியிலிருந்து ஹெப்ரி வழியாக, கொண்டை ஊசி வளைவுகளில் ஆகும்பே ஏறி, தீர்த்தஹள்ளி, சிவமொக்கா வழியாக வரலாம். ஆனி, ஆடியில் மண்சரிவால் மலைப்பாதைகளை மூடுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.