இயேசுவின் மூதாதையர் பட்டியல்கள்: முரணும் பொருளும்

முன்னுரை

புதிய ஏற்பாட்டில் இயேசுவின் மூதாதையர் பட்டியல் இரண்டு இடங்களில் இடம்பெற்றுள்ளது. மத்தேயு நற்செய்தியில் (1:1-17) அது ஆபிரகாமில் தொடங்கி இயேசுவரை இறங்கி வருகிறது. லூக்கா நற்செய்தியில் (3:23-38) இயேசுவில் தொடங்கி ஆதாம் வழியாகக் கடவுள்வரை ஏறிச் செல்கிறது. தாவீதுக்குப் பின் மத்தேயு சாலொமோன் வழியையும் லூக்கா நாத்தான் வழியையும் கொள்கின்றனர். யோசேப்பின் தந்தை முன்னதில் யாக்கோபு, பின்னதில் ஏலி. இம்முரணைக் களையும் முயற்சிகள் பட்டியல்களின் பொருளையே மறைத்துவிடுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முரண் களையும் விளக்கங்கள்

3ஆம் நூற்றாண்டினரான யூலியஸ் ஆப்பிரிக்கானஸ் தந்த விளக்கத்தை யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணந்து, பிறக்கும் மகனை இறந்தவன் பெயரில் நிலைநிறுத்தும் யூத வழக்கம் (உபாகமம் 25:5-10) இவ்விளக்கத்தின் அடிப்படையாகும். இதன்படி யாக்கோபு யோசேப்பைப் பெற்ற தந்தை. ஏலி சட்டவழித் தந்தை. 15ஆம் நூற்றாண்டில் விட்டர்போ நகரத்து அன்னியுஸ் முன்வைத்த கருத்தோ, லூக்கா தருவது மரியாளின் வம்சம் என்பதாகும். ஆனால் லூக்காவின் பட்டியலில் மரியாளின் பெயரே இல்லை. மேலும், இவ்விரு விளக்கங்களும் பட்டியலைப் பிறப்புப் பதிவேடாக மட்டுமே காண்கின்றன. வம்சப் பட்டியல்கள் அவை வழங்கும் சமூகத்தின் தேவைக்கேற்ப நெகிழ்பவை என்று இராபர்ட் வில்சன் 1977இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது.

மத்தேயுவின் ஒழுங்கும் உடைவும்

மத்தேயு தம் பட்டியலை மூன்று பதினான்கு தலைமுறைகளாகப் பகுக்கிறார் (1:17). அந்த எண்ணிக்கை அமைவதற்காக, யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே ஆண்ட அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று அரசர்கள் விடப்பட்டுள்ளனர். இவர்கள் பழைய ஏற்பாட்டு வரலாற்று நூல்களில் நன்கு அறியப்பட்டவர்கள். ஆகவே இதனை அறியாமை என்பதைவிடத் தெரிவு என்பதே பொருந்தும். நாடுகடத்தலுக்குப் பின்னர் வரும் மூன்றாம் பகுதியிலோ, சலாத்தியேல் முதல் இயேசுவரை பதின்மூன்று பெயர்களே உள்ளன.

தந்தைவழிப் பட்டியலில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோர் இடம்பெறுவதும் வழமைக்கு மாறானது. இந்நால்வரும் தலைமுறை எதிர்பாராத வழியில் தொடர்ந்ததை நினைவூட்டி, மரியாளின் பிறப்புச் செய்திக்கு வாசகரை ஆயத்தப்படுத்துகின்றனர். கிரேக்க மூலத்தில் ஒவ்வொரு தந்தைக்கும் செய்வினையில் வந்த வினைச்சொல், இயேசுவின் பெயரருகே (1:16) செயப்பாட்டு வினையாகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் 'பெற்றான்', 'பிறந்தார்' என இரு வேறு வினைகள் வருவதால், ஒரே வினையின் வடிவம் மாறியுள்ளமை தமிழ் வாசகருக்குப் புலப்படுவதில்லை.

லூக்காவின் இறுதிக் கண்ணி

லூக்கா தம் பட்டியலைத் திருமுழுக்கிற்கும் பாலைநிலச் சோதனைக்கும் இடையில் வைக்கிறார். திருமுழுக்கில் விண்ணகக் குரல் இயேசுவை மகன் என அழைக்கிறது (3:22). சோதனையில் அலகை அந்த மகன்மையையே ஐயுற்றுப் பேசுகிறது (4:3). இடையில் நிற்கும் பட்டியல் ஆதாமையும் கடவுளின் மகன் என்னும் வரிசையில் சேர்த்து முடிகிறது. கிரேக்க மூலத்தில் ஏலி முதல் கடவுள்வரை எல்லாக் கண்ணிகளும் ஒரே வேற்றுமை அமைப்பில் உள்ளன. ஆனால் ஹென்றி பவர் குழுவினரின் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு, பிற கண்ணிகளில் 'குமாரன்' என்று கூறி, இறுதிக் கண்ணியில் மட்டும் ஆதாம் தேவனால் உண்டானவன் எனப் பொருள்படத் திரிக்கிறது. இயேசுவின் தனித்த மகன்மையைக் காக்கும் இறையியல் எச்சரிக்கையாக இதனைக் கொள்ளலாம். எனினும், மானுடம் முழுவதையும் இயேசுவோடு இணைக்கும் லூக்காவின் கருத்து இதனால் அறுபடுகிறது.

முடிவுரை

ஆப்பிரிக்கானஸ் முரணைக் களைய விழைந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஐயத்தைத் தவிர்க்க விழைந்தனர். இரண்டும் பற்றின் வழிப்பட்ட செயல்களே. ஆயினும் இரண்டிலும் பனுவலின் குரல் தாழ்ந்துபோகிறது. யோசேப்பின் தந்தை யார் என்ற வினாவுக்குப் பட்டியல்கள் ஒருமித்த விடை தருவதில்லை. இயேசு யாருக்கு உரியவர் என்ற வினாவுக்கு, இஸ்ரவேலுக்கு உரியவர் என மத்தேயுவும் மானுடம் முழுமைக்கும் உரியவர் என லூக்காவும் விடையளிக்கின்றனர். தமிழ் விவிலிய ஆய்வு, பட்டியல்களின் உடைவுகளையும் மொழிபெயர்ப்பின் திரிபுகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் காண்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.