வாத்தியார் லாயருக்குப் படித்தபோது

நான்காம் ஆண்டில் எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரு தற்காலிக ஆசிரியர் வந்தார். பீடோங் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டிருந்த தோட்டம். மேசைக்கடியில் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றை வைத்திருப்பார். நாங்க கணக்குப் போடும்போது அதைப் படிப்பார். ஆண்டுக் கடைசியில் போயிட்டார். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

ஜான் ஆடம்ஸின் இளமைக்காலக் கடிதங்களை அந்தக் கோபத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரானவர். 1755இல் ஹார்வர்ட் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு, மாசசூசெட்ஸின் வூஸ்டர் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது வயது 19.

1756 ஏப்ரலில் வகுப்புத் தோழர் சார்லஸ் குஷிங்குக்கு எழுதிய கடிதத்தில், எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றாக எடைபோடுகிறார். வழக்கறிஞர்களுக்கு விழும் அடி பலமானது. சண்டையைத் தீர்ப்பதைவிட மூட்டிவிடுவதே அதிகம், தங்களைவிட நேர்மையானவர்களை ஏழையாக்கிச் சம்பாதிக்கிறார்கள் என்கிறார். நாலே மாதத்தில், ஆகஸ்டில், ஜேம்ஸ் பட்னம் என்ற வழக்கறிஞரிடம் இரண்டு வருஷம் படிக்க ஒப்பந்தம் போடுகிறார். பகலில் பள்ளி, மிச்ச நேரத்தில் சட்டம்.

இதை இரட்டை வேஷம்னு சொல்லிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படித் தோணல. வேண்டாத தொழிலை யாரும் இவ்வளவு மெனக்கெட்டுத் திட்டுவதில்லை. ஆசை வந்துவிட்ட ஒருவர், அதற்கு எதிரான வாதம் முழுவதையும் நண்பர் முன்னால் வைத்துப் பார்க்கிறார். 1770இல் பாஸ்டனில் மக்களைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, ஊரின் கோபத்துக்கு நடுவே, அவர் வாதாடினார். ஏப்ரல் கடிதத்தில் கேட்ட கேள்வி அப்போதும் அவரோடு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இந்தக் கடிதங்களின் பலம் இதுதான்.

பலவீனமும் உண்டு. ரிச்சர்ட் கிரான்ச் என்ற நண்பருக்கு எழுதும்போது, மாணவர்கள் எழுத்துகளைக்கூடக் குழறும் வாண்டுகள், வாத்தியாருக்குத் தொல்லை. அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. சிரிக்க வைக்கும் இடம் அது. தோட்டப் பள்ளியில் படித்த எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு காலை வெளியே வைத்திருக்கும் வாத்தியாரைப் பிள்ளைங்க கண்டுபிடிச்சிடுவாங்க. நாங்க கண்டுபிடிச்சோம்.

இப்போ அந்தப் பழைய கோபம் அப்படியே இல்லை. எங்க சாரும் யாரோ ஒரு நண்பரிடம் இதையெல்லாம் புலம்பியிருக்கலாம். அதில் எங்களைப் பற்றி என்ன சொன்னார் என்றுதான் கேட்கத் தோணுது.