மூன்று வரிவடிவங்கள், ஒரு கையேடு

வெவ்வேறு எழுத்துருக்களை ஒரே பக்கத்தில் இசைய வைப்பது பிற நகரங்களில் வடிவமைப்பாளரின் விருப்பமாக இருக்கலாம். கொழும்பில், 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் போலச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பேசும் கூடங்களுக்கு அது தவிர்க்க முடியாத கடமை. புஷ்பானந்த ஏக்கநாயக்கவின் சிங்கள எழுத்திலிருந்து மூனியாக் வார்ப்பகம் உருவாக்கிய ‘அபய லிப்ரே’ எழுத்துரு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தடித்தும் மெலிந்தும் ஓடும் ஒரே கோட்டியல்பில் இணைக்கிறது. அதில் தமிழ் இல்லாமையால், தமிழுக்கு இணையான எழுத்துருவை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது. தேர்வில் முதலில் பார்க்கவேண்டியது பக்கத்தின் கருமை, அதாவது மையும் வெண்மையும் கலந்து கண்ணுக்குத் தோன்றும் அடர்த்தி. ‘கீ’யின் சுழி மேலேறி, ‘மூ’வின் வளைவு கீழிறங்குவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்கு நெருக்கடியாகிறது. ஓவியத் தலைப்புகளை ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் இடும் மரபைப் பின்பற்றித் தமிழையும் கணினியில் சாய்த்துவிடுவது பரவலான பிழை. ‘ட’வின் செங்குத்துக் கோடு சாய்ந்ததும் எழுத்தே விழப்போவதாகத் தெரிகிறது. ஒற்றை மேற்கோள் குறியோ, சற்றே தடித்த எழுத்தோ அங்கே போதும். வெள்ளவத்தைக் காலி வீதிப் பெயர்ப்பலகைகளில் மும்மொழியையும் ஒன்றாகப் படித்துப் பழகிய கண் இத்தகைய இசைகேட்டை உடனே கண்டுகொள்ளும்.