பேயாக்கியது யார்?

பேய் உண்டா? இல்லை. பேய்ப்படம் உண்டா? உண்டு. அதை அஞ்சாமல் உற்று நோக்கவேண்டியவர்கள் பகுத்தறிவாளர்களே! இல்லாத பேயைத் தீட்டும் கலைஞன், இருக்கின்ற மனிதரின் கதையையே சொல்லிவிடுகிறான்.

1830-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய், பேய்க்கதைகளை மரக்கட்டை அச்சில் படங்களாக்கினார். அவ்வரிசையில் நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்தே. ஒன்றில், காகித விளக்கே முகமாக, அதன் கிழிசலே வாயாகத் தொங்குகிறாள் ஓய்வா. 1825-இல் மேடையேறிய நாடகத்தின் தலைவி அவள். கணவனால் வஞ்சிக்கப்பட்டு, நஞ்சால் முகம் சிதைந்து மாண்டவள். மற்றொன்றில், தட்டுகளே கழுத்தாகக் கிணற்றினின்று எழுகிறாள் ஒக்கிக்கு. ஒரு தட்டின் பொருட்டு உயிரிழந்த பணிப்பெண். அஞ்சத்தக்கவர் இவர்களா, இவர்களைச் சாகவிட்டவர்களா?

கடல் கடந்து தேடுவானேன்? நம் காரைக்காலுக்கு வருவோம். வணிகன் மகள் புனிதவதி. மாங்கனி அற்புதங் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், வாணிபம் என்று சொல்லிக் கப்பலேறினான். பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். தேடி வந்த மனைவியின் காலில் விழுந்தான், தெய்வமென்றான். அவன்பொருட்டுத் தாங்கிய தசையை உதறி, அவள் பேயுருவம் வேண்டினாள். இது சேக்கிழார் சொல்லும் கதை.

கும்பிட்டுவிட்டால் குற்றம் தீர்ந்துவிடுமா? புராணம் அக்கேள்வியை எழுப்பவில்லை. சிற்பியோ மறைக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள 13-ஆம் நூற்றாண்டுச் செப்புப் படிமத்தைக் காணுங்கள்: வற்றிய உடல், தொங்கிய மார்பு, கையில் தாளம். அச்சுறுத்தும் நோக்கம் அதில் இல்லை. அழகுக்காகவே பெண் என்போர் முகத்தில் அறைவதுபோல் அமர்ந்து பாடுகிறாள், தன்னைத் தானே பேயென்று பாட்டில் பெயரிட்டுக்கொண்ட அந்தப் புலவர். ஹொக்குசாயின் ஓய்வா திகைக்கவைக்கிறாள், இவளோ சிந்திக்கவைக்கிறாள். கலையில் இதுவே மேல் என்பேன்.

எனினும் ஈரிடத்தும் நெறி ஒன்றே. உயிரோடிருந்தவளுக்கு ஊர் செவி சாய்க்கவில்லை. பேயானபின் அங்கே நடுங்கினர், இங்கே வணங்கினர். நீதி பெறப் பெண் பேயாகத்தான் வேண்டுமா?

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் புனிதவதி திருமணம் நிகழ்கிறது, மாங்கனிகள் வீசப்படுகின்றன. கனி பிடிக்க நீளும் கைகள் ஆயிரம். கைவிடப்பட்டு வாழும் பெண்ணுக்காக நீளும் கைகள் எத்தனை?

தோழர்களே, பேயை நம்பாதிருப்பது எளிது. பேயாக்கும் வழக்கத்தை ஒழிப்பதே அரிது!