தீர்ப்புக்கு முந்திய சொற்கள்

2023 டிசெம்பர் 17ஆம் திகதி இலங்கைப் பொலிஸார் தொடங்கிய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை 'யுக்திய' எனப் பெயர் பெற்றது. சிங்களத்தில் அச்சொல் நீதியைக் குறிக்கும். தமிழ்ச் செய்திகள் அதனைப் பெரும்பாலும் பெயர்க்காது எடுத்தாண்டன. இன்றைய தமிழிலோ யுக்தி என்பது உபாயம். 'நீதி நடவடிக்கை' என எழுதியிருப்பின், நீதிமன்றம் விசாரிக்குமுன் பொலிஸார் நீதி வழங்குவது எங்ஙனம் என்று வாசகர் வினவியிருத்தல் கூடும். அவ்வினாவுக்கு இடமில்லாது போயிற்று.

செய்திகளின் சொல்லாட்சியும் நோக்கற்பாலது. 'வேட்டை', 'வலைவீச்சு', 'சிக்கினர்' என்பன மனிதரை விலங்காக்கும் சொற்கள். சட்டத்தின்முன் கைதானவர் சந்தேகநபரே; முகநூலில் அச்செய்தியைப் பகிர்வோருக்கோ அவர் குற்றவாளி. நாள்தோறும் கைதானோர் தொகையைப் படித்தோம். விடுவிக்கப்பட்டோர் தொகையைத் தலைப்பாகக் கண்டோமில்லை. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் இந்நடவடிக்கையை இடைநிறுத்தக் கோரினர்; அரசு இணங்கவில்லை. வேட்டை என்று பழகிவிட்ட செவிக்கு, அதனை நிறுத்தச் சொல்வோர் விலங்கின் பக்கத்தவராகவே தோன்றுவர்.

போதைப்பொருளாற் சீரழியும் குடும்பங்களின் துயரை நாம் மறுக்கவில்லை. அத்துயருக்கு நீதியே மருந்தெனில், சந்தேகநபரைச் சந்தேகநபர் என்றே எழுதும் நேர்மை முதலில் வேண்டும்.