பாவலர் வரதராசன் குழு: நின்ற மெட்டும் போன சொல்லும்

சங்ககாலப் பாணர் தனியாக ஊர் சுற்றியவரல்லர். யாழைத் தூக்கிக்கொண்டு சுற்றத்தோடு நடந்தார்கள் என்பதை ஆற்றுப்படை நூல்கள் காட்டும். அந்த வழியில் நம் காலத்தில் வந்த குடும்பம் எது என்று கேட்டால், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் குழு என்பேன். இன்று அவரை "இளையராஜாவின் அண்ணன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அது நியாயமில்லை. அவரை அவருடைய தராசிலேயே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். மலைக்கு இந்தப் பக்கம் பண்ணைப்புரம். அந்தப் பக்கம் தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்கள். 1957இல் கேரளத்தில் அமைந்த ஈ.எம்.எஸ். ஆட்சிக்குப் பெரும்பான்மை மயிரிழைதான். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. தோட்டத் தமிழர்களிடம் போய் ரோசம்மா புன்னூஸுக்காக வரதராசன் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். பிறகு தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகியோரும் சேர, குழு ஊர் ஊராகப் போயிற்று. பெண் குரல் பாட்டைச் சிறுவன் ராசையா பாடுவார். குரல் உடைந்ததும் ஆர்மோனியப் பெட்டியோடு நின்றுவிட்டார்.

இவர்களுடைய பலம் எது? சனத்துக்குத் தெரிந்த சினிமா மெட்டையும் நாட்டுப்புற மெட்டையும் எடுத்து, அன்றைய பிரச்சினையைச் சொல்லாக வைத்தார்கள். மெட்டு ஏற்கனவே வாயில் இருப்பதால் சொல் சுலபமாக வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார வியாபாரம்! ஆனால் பலவீனமும் அதிலேதான். தேர்தல் முடிந்ததும் சொல்லுக்கு வேலை போயிற்று. மெட்டு பழைய சொந்தக்காரனிடமே திரும்பிப் போயிற்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. "ஷேக்கின் பிரமிட்ஸ்" என்று பெயர். அமெரிக்காவின் 1950களின் ராக்கபில்லி இசையைத் தெருவில் நின்று பாடியவர்கள். 1981இல் இசைத்தட்டு வந்தது. சில வருஷத்திலேயே குழு கலைந்தது. தெருவில் பிறந்த பாட்டு தெருவை விட்டால் சந்தையின் பருவத்துக்குக் கட்டுப்பட வேண்டியதுதான்.

பண்ணைப்புரத்துக் கதை வேறு மாதிரி. 1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1973இல் வரதராசன் காலமானார். 1976இல் 'அன்னக்கிளி' வந்து, அதே மலையடிவாரத்து மெட்டு தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்த கம்பெனிக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயர். தம்பிகள் நன்றி மறக்கவில்லை. ஆனாலும் பாவலரின் பெயர் திரைக்கு வந்தது, கூலிக்காரனின் வழக்கைப் பேசிய பாவலரின் சொல் வரவில்லை. இதைத்தான் நான் வீழ்ச்சி என்கிறேன்.

இளங்கோவடிகள் செய்ததை இங்கே நினைக்க வேண்டும். கடற்கரைப் பாட்டைக் கானல்வரியாகவும், ஆயர் பாட்டைக் குரவையாகவும் காப்பியத்துக்குள் வைத்தார். ஆடிய சனத்தின் பாட்டு ஏட்டில் ஏறியதால் நிலைத்தது. வாய்ப்பாட்டைச் சொல்லோடு எழுதி வைக்க ஆள் வேண்டும்.

லம்பா லைனில் கடை வைத்திருக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தேவிகுளத்தைப் போலவே நம் தீவிலும் தோட்டத் தமிழர் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரை 1970களில் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். 2004 சுனாமியில் கச்சால் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதைச் சொல்லும் தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் நம் விழா மேடையில் என் காதில் விழவில்லை. டிராக்கைப் போட்டுவிட்டு சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடுகிறோம். பிள்ளைகள் நன்றாகத்தான் பாடுகிறார்கள், குறை அதிலில்லை. மெட்டைக் கடன் வாங்கலாம், பாவலரும் வாங்கினார். சொல்லையும் சேர்த்துக் கடன் வாங்கினால் நம்முடையது என்று மேடையில் எது மிஞ்சும்?

அடுத்த பொங்கல் விழாவில் ஒரே ஒரு பாட்டு போதும். தெரிந்த மெட்டு, நம் சொல். அதை மறக்காமல் மலரிலும் அச்சிட்டு வைப்போம்.